கலப்பை முத்திரை

எங்கள் ஊரில் வேலை சாக்குப்பையில்தான் வரும். திருச்செங்கோட்டில் எந்த ஒர்க்‌ஷாப்பில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தை விரித்து வைத்து "இப்படிச் செய்து கொடுங்கள்" என்று நின்ற ஆளை நான் பார்த்ததே கிடையாது. உடைந்ததையோ தேய்ந்ததையோ சாக்கில் கட்டி, மொபெட்டின் பின்னால் வைத்துக் கொண்டுவந்து, மேசை மேல் டொம்மென்று போடுவார்கள். "இதே மாதிரி ஒன்னு வேணுங்க." அவ்வளவுதான். அதற்குப் பெயர் சாம்பிள். சாம்பிள் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, வேலை ஆரம்பம்.

என் அப்பா அப்படித்தான் பிஸ்டன் செய்யக் கற்றுக்கொண்டார். போர்வெல் ரிக் தெரியும் அல்லவா, லாரி மேல் நின்று பூமியைத் துளைக்கிற இயந்திரம். அதன் குழாய்க்கு நுனியில் ஹாமர் என்று ஒன்று உள்ளே இறங்கும். கம்பிரசர் காற்று அந்த ஹாமருக்குள் இருக்கும் ஒரு இரும்புத் தடியை மேலும் கீழுமாகத் தள்ளி, பாறையை அடிக்க வைக்கும். அந்தத் தடிதான் பிஸ்டன். பார்த்தால் ஒன்றுமே இல்லாத சாமான். ஆனால் தளர்வாக இருந்தால் காற்று கசிந்து அடி விழாது, இறுக்கமாக இருந்தால் சிக்கிக்கொள்ளும், டெம்பர், அதாவது இரும்பின் கெட்டித்தன்மை, கூடினால் உடையும், குறைந்தால் நசுங்கும். அந்த நாளில் இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். லைசென்ஸ், பர்மிட் என்று அலைந்து, வரும்போது மழைக்காலமே வந்துவிடும். அதனால் ரிக்காரர்கள் சாக்கோடு அப்பாவிடம் வந்தார்கள்.

நான் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருந்த சமயம் அது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கரித்தூளுக்குள் பிஸ்டனைப் புதைத்து உலையில் வைத்து மேல்தோலை இறுக்குவதுதான் டெம்பர் வேலை. அந்த வேலை என் பொறுப்புக்கு வந்தது. லேத்தும் அளவும் அண்ணன் பாடு. "பொட்டப்புள்ள உலைகிட்ட நிக்கறதா" என்று பேசினவர்கள் பேசினார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் பிஸ்டன் அழகாக வந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. எடுத்துக்கொண்டு போய் ஒரு தோட்டத்தில் இறக்கினோம். நல்ல ஹாமர் பாறையில் அடித்தால் கணகணவென்று கேட்கும், ஊரே திரும்பிப் பார்க்கும். எங்களுடையது மொத்து மொத்தென்றது, ஈரத் துணியைத் துவைக்கிற மாதிரி. ரிக்காரர் அதைக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்பா பல நாள் அந்தப் பிஸ்டனையே உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு எங்கெங்கோ அலைந்து ஒரு புத்தம்புதிய வெளிநாட்டுப் பிஸ்டனை வாங்கி வந்தார். அம்மாவின் வளையல் அதற்குத்தான் போயிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். கொண்டுவந்து அதை அளந்தார். அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தேஞ்சதப் பாத்துத் தேஞ்சதயே பண்ணிருக்கறோம் சாமி."

அதுதான் நடந்தது. சாம்பிளாக வந்தது தேய்ந்த பிஸ்டன். தேய்ந்ததால்தானே கொண்டுவந்தான்! நாங்கள் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து, மயிரிழை பிசகாமல் காப்பியடித்திருந்தோம். அப்பா அதோடு நிற்கவில்லை. அந்தப் புதிய பிஸ்டனை வாளில் கொடுத்து இரண்டாக அறுக்கச் சொன்னார். அம்மா வாசலில் நின்று வாயில் அடித்துக்கொண்டாள். அறுத்த முகத்தைத் தேய்த்து, ஆசிட் தடவிப் பார்த்தால் மேல்தோல் எவ்வளவு ஆழத்துக்கு இறுகியிருக்கிறது என்று வளையமாகத் தெரிந்தது. அன்றைக்கு அந்த வளையத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்லூரியில் படித்த எதுவும் அப்படிச் செய்ததில்லை.

அதற்குப் பிறகு செய்தவை ஓடின. உடனே ஓடவில்லை. உடைந்தது, சிக்கியது, திட்டு வாங்கினோம், மறுபடி செய்தோம். கடைசியில் எங்கள் பிஸ்டன் ஒரிசா வரைக்கும் போய்ப் பாறை உடைத்தது. கல்யாணமான பிறகும் நான் உலையை விடவில்லை. அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். வட்டத்துக்குள் ஒரு ஏர்க்கலப்பை, அதுதான் எங்கள் முத்திரை. புது மாதிரிப் பிஸ்டன் எது செய்தாலும் ஒரு குழியைத் தண்ணீர் வரை ஓட்டி முடித்த பிறகுதான் அதில் கலப்பை விழும். அதற்கு முன்னால் எவ்வளவு பளபளத்தாலும் அது வெறும் இரும்பு.

நான் அந்தக் காலத்துக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டுகிற ஆள் இல்லை. இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டிருந்த நாட்களில் எங்கள் ஊரிலேயே குப்பைச் சாமானைத் தலையில் கட்டிப் பிழைத்தவர்களும் உண்டு. வேறு வழியில்லாமல் வாங்கினார்கள் ஜனங்கள். டில்லிக்காரர்கள் பிறகு கதவைத் திறந்தது தப்பு என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. அதனால்தான் ரிக்குகள் பெருகின, எங்கள் ஊர் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போயின. என் ஆத்திரம் வேறு. அப்போதுதான் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்ற பிள்ளையை, போ, ஓடுகிறவனோடு ஓடு என்று தள்ளிவிட்டார்களே, அதுதான்.

சீனாவிலிருந்து பிஸ்டன் வர ஆரம்பித்தபோது அண்ணன் ஒன்றை மேசை மேல் வைத்து விலையைச் சொன்னான். நாங்கள் அந்தப் பிஸ்டனுக்கு வாங்குகிற இரும்பின் விலைகூட அதைவிட அதிகம். கடைந்து, டெம்பர் போட்டு, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்து, கப்பலேற்றி, லாரியேற்றி நம் வாசலில் இறக்கிய விலை, நம் பச்சை இரும்பைவிடக் கம்மி! இதற்கு மேல் உழைப்பு, திறமை என்று என்ன பேசுவது? இரும்பு விலையை நிர்ணயிப்பது நானா?

போதாததற்குக் கரண்டு. பிஸ்டனைப் புதைத்த கரிப்பெட்டி உலைக்குள் போனால் பொழுதெல்லாம் சூடு குறையாமல் நிற்க வேண்டும். மின்வெட்டு வந்த அந்த வருஷங்களில் பாதியில் கரண்டு போகும், உள்ளே இருப்பதெல்லாம் வீண். மேட்டூர் அணையில் கரண்டு எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்; அதற்குப் பக்கத்துக்காரர்கள் நாங்கள், உலைக்கு முன்னால் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தோம். ஜெனரேட்டரும் நல்ல உலையும் வாங்கக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். அதே மனிதர், "இம்போர்ட் பண்றதுன்னா சொல்லுங்க, உடனே பண்ணிடலாம்" என்றார். நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். அண்ணன் எழவில்லை.

அப்பா போன மறு வருஷம் அண்ணன் உலையைப் பழைய இரும்புக்குப் போட்டான். "அதை வெச்சு என்ன பண்றது? எடத்த அடைச்சுக்கிட்டு" என்றான். நான் கத்தினேன், அழுதேன், சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். கல்யாணமாகிப் போனவள் பேச்சுக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை? ஒர்க்‌ஷாப் சீனப் பிஸ்டன் விற்கிற கடையானது. அண்ணன் நன்றாகவே சம்பாதித்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று செய்தான், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கலப்பை முத்திரையைப் படமாக எடுத்துச் சீனாவுக்கு அனுப்பினான். அங்கே என்ன கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்களாம். அடுத்த பெட்டியிலிருந்து எல்லாப் பிஸ்டனிலும் கலப்பை பளிச்சென்று இருந்தது. அப்பா கையால் அடித்ததைவிட நேராக, சுத்தமாக. பெட்டியின் மேல் பெரிய தமிழ் எழுத்தில் திருச்செங்கோடு என்று வேறு. எங்கே செய்தது என்பது அடியில் பொடி எழுத்தில்.

இதில் வேடிக்கை, எனக்கு வாய்த்தவரும் ரிக்காரர். என் வீட்டு ரிக்கிலேயே அந்தப் பெட்டிதான் இருக்கும். நான் ஏதாவது முனகினால், "ஏம்புள்ள, குழி போடறது எம்பொழப்பு. உங்கப்பனுக்குக் கோயில் கட்றதுக்கா நான் ரிக் வாங்குனேன்?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

போன வருஷம் அந்தச் சீனக் கம்பெனி எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய குடோன் பிடித்து, இனிமேல் நேராகவே விற்றுக்கொள்கிறோம் என்று அண்ணனுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இரண்டு வரி. அண்ணன் அன்று என் வீட்டுக்கு வந்தான்.

"நாமளே பண்ணலாமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "எதுல பண்றது? உலை எங்க இருக்குது?"

"கோயமுத்தூர்ல கூலிக்குப் போட்டுக் குடுக்கறாங்க. நீ அங்க போயி டெம்பர் மட்டும் பாத்துக்கோ. மத்ததப் பையன் பாத்துக்குவான்."

பையன் என்றால் அண்ணன் மகன். இன்ஜினியரிங் படித்து, ஓசூரில் கார் கம்பெனியில் வேலை பார்த்து, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தவன். நல்ல பையன், கெட்டிக்காரன். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் பரணில் ஏறி, துணியில் சுற்றி வைத்திருந்த கலப்பை அச்சைத் தேடி எடுத்தேன். அந்த அச்சை மட்டும் நான் உலையோடு போகவிடவில்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு பிஸ்டனாவது நாங்களே செய்து, குழி ஓட்டி, அதில் என் கையால் கலப்பை அடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

மறுபடியும் சாம்பிள் வேண்டும். அண்ணன் கடையில் சீனப் பிஸ்டன் விற்றுத் தீர்ந்திருந்தது. குடோனில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வா என்றேன். "அவன் கடைப்படி ஏறி நான் வாங்கறதா?" என்றான் அண்ணன். இத்தனை வருஷம் அவன் சரக்கை விற்றபோது வராத ரோஷம் அப்போது வந்தது. நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, ரிக்குல புதுசு ஒன்னு இருக்குதுங்களா?"

"இல்ல புள்ள" என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் தெரிந்த ரிக்காரர் ஒருவர் சாக்கில் ஒன்று கட்டிக்கொண்டுவந்து மேசையில் டொம்மென்று போட்டார். அண்ணன் மகன் அதைச் சேலத்தில் ஒரு கம்பெனிக்கு எடுத்துப் போய் லேசரில் அளந்து வந்தான். கம்ப்யூட்டரில் பிஸ்டன் சுழன்று சுழன்று நின்றது. ஒவ்வொரு வளைவுக்கும் அளவு எழுதியிருந்தது, தலைமுடியைப் பல கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு என்கிற நுணுக்கத்துக்கு. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பையன் அதே அளவில் சேலத்திலேயே இரும்பைக் கடைய வைத்தான்.

நான் கோயமுத்தூரில் அந்த உலைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை ஆழம், எத்தனை சூடு, எதில் ஆறவைப்பது என்று நான் கேட்கக் கேட்க, "அம்மா, நாங்க கார் பார்ட்ஸ் பண்றவங்க" என்று அலுத்துக்கொண்டார். மூன்று பேர் செய்த வேலை அது, மூன்று ஊரில். எனக்கு என் டெம்பர். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அண்ணன் மகனுக்கு, தப்பு இருந்தால் அப்பாவும் அத்தையும் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை.

பிஸ்டன் வந்தது. எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்க யாருடைய ரிக்? வேறு யார் விடுவார்கள், என் வீட்டுக்காரருடையதுதான். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி தோட்டம். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பித்தார்கள். நான் கைப்பையில் கலப்பை அச்சையும் ஒரு சுத்தியலையும் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். இந்த வயதில் கைப்பைக்குள் சுத்தியலோடு அலைகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மண் முடிந்து பாறை வந்தது. ஹாமர் அடிக்க ஆரம்பித்தது.

மொத்து. மொத்து. மொத்து.

எனக்கு நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை எத்தனை வருஷமானாலும் என் காது மறக்காது. கண்ணை மூடினால் அப்பா சிரிக்கிறார். தேஞ்சதப் பாத்துத் தேஞ்சதயே. சாக்கில் வந்தது தேய்ந்த பிஸ்டன். அந்தத் தேய்மானத்தை லேசரில் அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அப்பா காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத சுத்தத்தில் இறக்கியிருந்தோம். கற்று, மறந்து, மறந்ததும் தெரியாமல், ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றோம். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அண்ணன் மேலா, அந்த வங்கிக்காரர் மேலா, டில்லி மேலா, கோயமுத்தூரில் டெம்பரையே கட்டிக்கொண்டு அழுத என் மேலா?

"கழட்டுங்கப்பா" என்றார் வீட்டுக்காரர். குழாய்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்தார்கள். அவர் ரிக்கின் டூல்பாக்ஸைத் திறந்து, அடியில் கிடந்த பழைய லுங்கியை விலக்கி, ஒரு பெட்டியை எடுத்தார். பிரிக்காத பெட்டி. கலப்பை முத்திரை.

"இல்லைன்னு சொன்னீங்க" என்றேன்.

"குடுத்தா நீ அறுத்துப் போடுவே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ரிக்குல ஒரு ஸ்பேர் இல்லாம எப்பிடிப் புள்ள?"

உண்மைதான், அறுத்திருப்பேன். அறுக்காமல் எப்படித் தெரியும்? என் அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்த வீட்டில் பிறந்தவள் நான். என்ன செய்வது, இந்த ஊரில் இப்போது அறுப்பதற்கென்று ஒரு புதுச் சாமானைக் கொடுக்க யாரும் இல்லை.

அதை மாட்டி இறக்கினார்கள். கணகணவென்று அடித்தது. கல்தூள் வெள்ளையாகப் பறந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மகன் எங்கள் பிஸ்டனைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். "அத்தை, அளவெல்லாம் கரெக்டாத்தானுங்க போட்டேன்" என்றான். "கரெக்டுதான் சாமி" என்றேன்.

வெகுநேரம் கழித்து ஈரம் கண்டது. பிறகு தண்ணீர் பீய்ச்சியது. தோட்டத்துக்காரர் நனைந்துகொண்டே சிரித்தார். கீழே கிடந்த காலிப் பெட்டியை எடுத்து, துடைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். திருச்செங்கோடு. கலப்பையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அட, நம்மூருச் சாமானுங்களா!" என்றார் என்னைப் பார்த்து. "மொதல்ல போட்டது வெளிநாட்டுதுங்களாட்ட இருக்குது, அடியே உழுகல. நம்மூருது எப்பிடி அடிக்குது பாத்தீங்களா! இதையெல்லாம் விட்டுப்போட்டு ஏனுங்க அவனுகளுதப் போயி வாங்கறீங்க?"

வீட்டுக்காரர் ரிக்கின் மறுபக்கம் போய்விட்டார். அண்ணன் மகன் தலையைத் தூக்கவில்லை. பதிலுக்காகத் தோட்டத்துக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் தோளில் இழுத்து மாட்டினேன். உள்ளே சுத்தியலும் அச்சும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"ஆமாங்க" என்றேன். "எங்கப்பன் முத்திரைங்க அது."